கையைத் தாழ்த்தினால் கத்தி குத்தும்

இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. கைகள் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். அப்படியே மேடேறிப் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு, இறங்கி வந்து மறுபடி நிரப்ப வேண்டும். மேற்கைகளில் கத்தி கட்டியிருக்கிறது, முனை விலாவைப் பார்த்தபடி. தோள் சோர்ந்து கை தாழ்ந்தால் கத்தி குத்தும். பக்கத்தில் பிரம்போடு நின்று அதட்ட ஆள் தேவையில்லை. எங்கே பிழைக்கிறது என்பதைப் பயிற்சியே அந்த இளைஞனுக்குச் சொல்லிவிடுகிறது, பிழைத்த அந்த நொடியிலேயே.

1978 பெப்ரவரியில் ஹொங்கொங்கில் வெளியான ‘த 36த் சேம்பர் ஒஃப் ஷாவோலின்’ படத்தில் வரும் காட்சி இது. ஷோ பிரதர்ஸ் தயாரிப்பு, லாவ் கார்-லியுங் இயக்கம், கதாநாயகன் கோர்டன் லியு. பயிற்சியைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இதற்கு மேலே ஒன்றை நான் வைக்க மாட்டேன். குத்துச்சண்டைப் படங்களையும் கிரிக்கெட் படங்களையும் ஓட்டப்பந்தயப் படங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கொழும்பின் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் குங்பூ என்றால் முதலில் வாயில் வரும் பெயர் புரூஸ் லீ. வரட்டும், அதில் எனக்குக் குறையில்லை. 1973 ஜூலை 20ஆம் திகதி அவர் இறந்தார். ‘என்டர் த ட்ராகன்’ அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க ஓடியது. இல்லாத ஒருவரின் வேகத்தைப் பார்த்து ஒரு தலைமுறையே கராத்தே வகுப்புகளில் போய்ச் சேர்ந்தது. ஆனால் புரூஸ் லீயின் படங்களில் அவர் திரைக்குள் நுழையும்போதே முழுமையாகத் தேறியவர். அவர் எப்படி அப்படி ஆனார் என்று படம் காட்டாது. பார்க்கும் பையன் வீட்டுக்கு வந்து கத்திக்கொண்டு காற்றில் உதைக்கலாம், அதற்கு மேல் செய்வதற்கு அவனிடம் ஒன்றும் இருக்காது. ‘36த் சேம்பர்’ படத்தின் நாயகன் சான் டே திரைக்குள் வரும்போது ஒன்றுமே தெரியாதவன். மாணவன். மஞ்சு ஆட்சியின் படையினர் அவனுடைய குடும்பத்தையும் நண்பர்களையும் கொன்றுவிட, காயத்தோடு தப்பி ஷாவோலின் மடத்துக்கு வந்து சேர்கிறான். அவனுக்கு வேண்டியது பழிவாங்கும் பலம், அதுவும் உடனே.

மடத்தில் 35 பயிற்சிக்கூடங்கள். எங்கே தொடங்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். உச்சியில் இருப்பதிலேயே தொடங்குகிறேன் என்கிறான். அங்கே மூத்த துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கை படாமலேயே அவனை வீழ்த்தி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அடியிலிருந்து தொடங்குகிறான். எந்தப் பயிற்றுவிப்பாளரும் இந்தப் பையனைப் பார்த்திருப்பார். வந்த முதல் நாளே கறுப்புப் பட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்பவன் அவன்.

அடிக்கூடம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. நடுவே தண்ணீர். அதில் மரத்துண்டுகளைக் கட்டிய கட்டு ஒன்று மிதக்கிறது. அதில் கால் வைத்துத் தாண்டினால் சோறு. மற்றத் துறவிகள் பேசாமல் தாண்டிப் போகிறார்கள். சான் டே பலத்தோடு குதிக்கிறான், கட்டு அமிழ்கிறது, அவன் தண்ணீருக்குள். அடுத்த வேளையும் அதேதான். பிறகு ஆளில்லாத நேரத்தில் தனியே வந்து பழகுகிறான். எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்பவர்களுக்கு இந்தக் கூடத்தை விளக்க வேண்டியதில்லை. படகுகள் ஒன்றோடொன்று அணைத்துக் கட்டியிருக்கும்போது கடைசிப் படகுக்குப் போக வேண்டியவர் மற்றவற்றின் மேல்தான் கால் வைத்துப் போக வேண்டும். புதியவர் தன் காலைக் குனிந்து பார்ப்பார், படகு ஆடாமல் நிற்கும் வரை காத்திருப்பார். அது நிற்கவே நிற்காது. பழகியவர் படகு மேலெழும் கணத்தில் முழங்காலைத் தளர்த்தி மிதித்து, தன் எடை அதில் முழுதாக இறங்குவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவார். கண் காலில் இருக்காது, போகிற இடத்தில் இருக்கும். சான் டே கடைசியில் கற்றுக்கொள்வதும் இதைத்தான். கட்டின்மேல் நிற்க முயல்வதை விட்டுவிட்டு, அதைத் தொட்டுக் கடக்கிறான்.

இந்தக் காட்சியில் கோர்டன் லியுவின் தோள்களைக் கவனியுங்கள். முதல் முயற்சிகளில் அவை காதருகே ஏறியிருக்கும், கைகள் விறைத்திருக்கும். தேறிய பிறகு தோள் இறங்கி, கழுத்து நீண்டு, கைகள் தாமாக அசையும். வசனம் ஒன்றும் இல்லை. ஆள் தேறிவிட்டான் என்பதை உடம்பைக் காட்டியே சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

மணிக்கட்டுக் கூடம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. நீண்ட மூங்கில் தடி, அதன் நுனியில் பாரமான சுத்தியல். தடியின் அடியைப் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் அதை உயர்த்தி மணியை அடிக்க வேண்டும். ஒரு துறவி மரக்கட்டையில் தாளம் தட்டிக்கொண்டிருப்பார், மணியோசை அந்தத் தாளத்தில் விழ வேண்டும். பலத்தை மட்டும் சோதிப்பதென்றால் ஒருமுறை அடித்தாலே போதுமே. இங்கே சோதிக்கப்படுவது களைத்த பிறகும் தாளம் தவறாத பலம். வேகப் பந்துவீச்சாளரின் முதல் ஓவரை எல்லோரும் பார்க்கிறோம். அவர் எப்படிப்பட்டவர் என்று பதினெட்டாவது ஓவரில்தான் தெரியும்.

மணிக்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் விட இலங்கையில் யாருக்கும் முடியாது. 2010 ஜூலை 22, காலி மைதானம். பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டை எடுத்து 800 டெஸ்ட் விக்கெட்டுகளை நிறைவு செய்தார். விரலால் போடவேண்டிய ஓஃப் ஸ்பின்னை மணிக்கட்டால் போட்டவர் அவர். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கையைப் பற்றித்தான் உலகம் பேசிக்கொண்டிருந்தது. அந்த மணிக்கட்டு ஒரே செயலை நாள் முழுக்க, ஓவருக்குப் பின் ஓவராக, அளவு குறையாமல் செய்ததைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. சுத்தியல் தடியோடு நிற்கும் சான் டேயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முரளியின் வலைப் பயிற்சிதான் நினைவுக்கு வரும்.

கண் கூடத்தில் முகத்தின் இரண்டு பக்கமும் எரியும் பெரிய ஊதுவத்திகள். எதிரே இருட்டில் ஒரு விளக்கு ஊசலாடுகிறது. அதைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும், தலையைத் திருப்பினால் கன்னம் சுடும். படத்துக்காகச் செய்த வித்தை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தலையை நிலையாக வைத்துக்கொள் என்பதைத்தானே ஒவ்வொரு கிரிக்கெட் பயிற்றுவிப்பாளரும் சொல்கிறார். ஆனால் துடுப்பாட்ட வீரரின் கண் பந்தைத் தொடர்ந்துகொண்டே வருவதில்லை. பிரித்தானிய ஆய்வாளர்கள் மைக்கல் லாண்டும் பீட்டர் மெக்லியொட்டும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பந்து கையை விட்டு வந்ததும் கண் அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது என்று காட்டினார்கள். தேர்ந்தவரின் கண் முந்தித் தாவுகிறது. அப்படிப் பார்த்தால் ஷாவோலின் கூடம் கற்பிப்பது பாதிப் பாடம். மீதிப் பாதியைச் சான் டே பிறகு சண்டையில்தான் கற்கிறான்.

தலைக் கூடத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரிசையாகத் தொங்கும் மணல் மூட்டைகளைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு போய்ப் பீடத்தில் ஊதுவத்தி ஏற்ற வேண்டும். திரையில் அது பெரிய காட்சி. லியுவின் முகத்தில் வரும் மயக்கம் நடிப்பு என்றே தோன்றாது. ஆனால் தொடர்ந்து தலையில் வாங்கும் சிறு அடிகளும் மூளைக்குக் கேடு என்பது இன்று தெரிந்த விஷயம். 2015இல் அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டுவதையே தடை செய்தது. உதைபந்தாட்டம் ஊறிய கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் உயரப் பந்து போட்டுத் தலையால் முட்டப் பழக்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இனி இயக்குநர். லாவ் கார்-லியுங் எங்கிருந்தோ வந்து சண்டைப் படம் எடுத்தவரல்லர். ஹுங் கா என்னும் தென்சீனச் சண்டைமுறையின் நேர்வாரிசு. அந்த முறையின் ஆசான் வொங் ஃபே-ஹுங்கிடம் கற்றவர் லாம் சாய்-விங். அவரிடம் கற்றவர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் இவர். தந்தை சினிமாவிலும் இருந்தார். க்வான் டாக்-ஹிங் நடித்த பழைய வொங் ஃபே-ஹுங் படங்களில் தன் குருவான லாம் சாய்-விங்கின் வேடத்தையே போட்டவர் அவர். மகன் நெடுங்காலம் ஷோ பிரதர்ஸில் சண்டைப் பயிற்சியாளராக வேலை செய்து, 1975இல்தான் இயக்குநரானார். கோர்டன் லியுவும் லாவ் சாமிடம் கற்று, அந்தக் குடும்பத்தின் பெயரையே எடுத்துக்கொண்டவர். ஒரே குருவீட்டில் வளர்ந்த இருவர் கமராவுக்கு இருபுறமும் நின்று எடுத்த படம் இது.

அது படம் பிடித்த விதத்திலேயே தெரிகிறது. லாவ் கமராவை உச்சி முதல் பாதம் வரை தெரியும் தூரத்தில் வைக்கிறார். அகலத் திரையில் இரண்டு பேரின் கால்களும் சட்டத்துக்குள் இருக்கும். ஒரு தாக்குதல், அதற்குத் தடுப்பு, மறுதாக்குதல் என்று தொடர் முடிந்த பிறகே வெட்டுகிறார். ஹுங் கா தாழ்ந்து நிற்கும் முறை, பலம் நிலத்திலிருந்து தொடையேறி இடுப்பு வழியாகக் கைக்கு வரும். காலைக் காட்டாவிட்டால் அந்தக் கலையே திரையில் இல்லை. இன்று வரும் பல படங்களில் அடி விழும் கணத்தில் கமரா ஆடி, மூன்று துண்டாக வெட்டி, சத்தத்தைச் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். யார் யாரை எப்படி அடித்தார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாட்டை அலசுகிறவனுக்கு அப்படிப்பட்ட படத்தில் வேலை இல்லை. லாவின் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பயிற்சிக்கு அவர் கொடுத்த நேரம் இன்னொன்று. ‘ரொக்கி’ 1976இல் வந்தது. அதில் பயிற்சி ஒரு பாட்டோடு ஓடி முடிகிறது. நமக்கு மிகவும் நெருக்கமான ‘சார்பட்டா பரம்பரை’யை (2021) எடுங்கள். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளை அவ்வளவு உயிரோட்டத்தோடு பா. ரஞ்சித் எழுப்பினார். எனக்கு மிகவும் பிடித்த படம். அதில்கூடக் கபிலன் உடல் கெட்டுப்போய் மறுபடி தேறி வரும் பகுதி, பீடி ராயப்பனோடு கடற்கரையில் செய்யும் பயிற்சி, வேகமாக ஓடிவிடுகிறது. சினிமாக்காரர்களுக்குப் பயிற்சி என்றால் போட்டிக்கு முன் கடக்க வேண்டிய தூரம். லாவ் அந்தத் தூரத்தையே படத்தின் நடுவில் கதையாக வைத்தார். வில்லனைக் கொஞ்ச நேரம் நாம் மறந்தே போகிறோம். இன்று இவன் அந்தத் தொட்டியை நிரப்புவானா என்பது மட்டும்தான் மனதில் இருக்கிறது. அதே 1978இல் ஜாக்கி சானின் ‘ட்ரங்கன் மாஸ்டர்’ வந்தது. அதிலும் பயிற்சி நிறைய, சிரிப்போடு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த ஆண்டில் ஹொங்கொங் சினிமா எதில் மனம் வைத்திருந்தது என்று தெரியும்.

ஷாவோலின் என்று எழுதினாலே போதிதர்மர் வந்துவிடுவார். ‘7ஆம் அறிவு’ (2011) வந்த நாளிலிருந்து, குங்பூவே காஞ்சிபுரத்திலிருந்து போனதுதான் என்று அடித்துச் சொல்லாத ஆள் நம்மில் குறைவு. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது சீனப் பௌத்த மரபிலேயே இருக்கும் செய்தி. ஆனால் துறவிகளுக்கு உடற்பயிற்சியைக் கொடுத்தவர் அவர்தான் என்பதற்குக் காட்டப்படும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. நம் பிள்ளைக்கு அந்தப் பெருமையைச் சொல்லிக் கொடுப்பதைவிட வாளியைக் கையில் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கூடங்கள் எல்லாம் முடிந்த பிறகு வரும் மோதல்தான் படத்தின் உச்சம். சான் டேக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம் என்று தலைமைத் துறவி நினைக்கிறார். ஒழுங்குக்குப் பொறுப்பான துறவி மறுத்து, முதலில் என்னை வெல்லட்டும் என்கிறார். லீ ஹோய்-சாங் நடித்த பாத்திரம் அது. கையில் இரட்டைக் குறுங்கத்திகள். சான் டே தோற்கிறான். மறுபடி வருகிறான், மறுபடி தோற்கிறான். இந்தத் தோல்விகளை லாவ் அவசரப்படாமல் காட்டுவதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. 35 கூடத்தைத் தாண்டியவனுக்கும் புதிதாக ஒருவர் எதிரே நின்றால் விடை தெரியாது.

தோல்விக்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. குறுங்கத்தி இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன. ஒன்று வரும் ஆயுதத்தைத் தடுத்து மடக்கும், மற்றது அதே நேரத்தில் உள்ளே நுழையும். நேரான, விறைப்பான ஆயுதம் எதுவானாலும் ஓரிடத்தில் தடுத்துவிட்டால் முழுதும் நின்றுவிடும். பிறகு நெருங்கிவிட்ட எதிரிக்கு முன் நீளம் பாரமாகிவிடும். சிலம்பம் சுற்றுபவர்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள், கம்புக்காரனுக்கு ஆபத்து கம்புக்கு உள்ளே புகுந்தவன். சான் டே கண்டுபிடிக்கும் விடை மூன்று துண்டாகச் சங்கிலியால் இணைத்த தடி. முதல் துண்டைக் கத்தி தடுத்தால் அடுத்த துண்டு அந்தத் தடுப்பையே அச்சாக வைத்துச் சுழன்று பின்னால் போய் அடிக்கும். எதிரி நெருங்கினால் இரண்டு முனைத் துண்டுகளையும் பிடித்துக் குறுந்தடிகளாக்கலாம், விலகினால் முழு நீளத்தையும் வீசலாம். கடைசி மோதலில் அந்தத் துறவியின் கத்திகள் சரியாகத்தான் தடுக்கின்றன. தடுத்த பிறகும் அடி வந்து விழுகிறது. எதிராளியின் பலத்தையே அவருக்கு வினையாக்கும் இந்த மாற்றத்தை ஒரு சொல்லும் இல்லாமல் ஐந்தாறு வீச்சில் விளங்கவைக்கிறார் லாவ்.

குறைகள் இருக்கின்றன. முதற் பகுதியில் வரும் அரசியலும் கொலைகளும் பார்த்துப் பழகியவை. பெண்களுக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. சான் டே மடத்தை விட்டு இறங்கிய பிறகு வரும் பகுதி ஓட்டமாக ஓடுகிறது. சீடர்கள் ஒவ்வொருவராகச் சேர்வதற்குப் போதிய நேரம் இல்லை. லோ லியே நடித்த தளபதியோடு நடக்கும் இறுதிச் சண்டை நல்ல சண்டைதான், ஆனால் துறவியோடு நடந்ததற்குப் பக்கத்தில் நிற்காது. அங்கே ஒருவன் யோசிப்பதைப் பார்த்தோம், இங்கே யோசித்து முடித்தவன் வெல்வதைப் பார்க்கிறோம்.

ஆனால் அவன் மடத்தை விட்டு இறங்கும் இடத்தில்தான் படத்தின் பெயருக்குரிய விஷயம் இருக்கிறது. வென்றவனுக்கு விருப்பமான கூடம் ஒன்றின் பொறுப்பைத் தருகிறோம் என்கிறார்கள். இருக்கும் 35இல் எதுவும் வேண்டாம், 36ஆவதாக ஒன்று வேண்டும் என்கிறான் சான் டே. மதிலுக்கு வெளியே இருக்கும் சாதாரண ஆட்களுக்கு இந்தக் கலையைக் கற்பிக்கும் கூடம். மடம் ஒப்பவில்லை. தண்டனை என்ற பெயரில் தலைமைத் துறவி அவனை வெளியே அனுப்புகிறார். உண்மையில் அது அவர் திறந்துவிட்ட கதவு. கொழும்பு 15இல் மாலையானால் பாடசாலை மண்டபத்திலும் மொட்டை மாடியிலும் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சொற்பக் காசுக்கோ சும்மாவோ அவர்களுக்குப் பழக்கும் மாஸ்டர்மார் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். சான் டே கேட்ட கூடத்தை இவர்கள் யாரிடமும் கேட்காமலே நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விரிப்பும் மழைக்கு ஒரு கூரையும் கொடுப்பது மாநகரத்துக்குப் பெரிய காரியமல்ல.

படம் பிறகு நெடுந்தூரம் போனது. அமெரிக்காவில் ‘மாஸ்டர் கில்லர்’ என்ற பெயரில் ஓடியது. நியூயோர்க்கின் ராப் குழுவான வூ-டாங் கிளான் 1993இல் தங்கள் முதல் இசைத்தொகுப்புக்கே அதன் மூலப் பெயரிலிருந்து எடுத்து வைத்தது. குவென்டின் டரன்டினோ ‘கில் பில்’ படத்தின் இரண்டு பாகங்களிலும் கோர்டன் லியுவுக்கு இரண்டு வெவ்வேறு வேடங்கள் கொடுத்தார். லாவ் கார்-லியுங் 2013 ஜூனில் காலமானார்.

முதல் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் 1980இல் லாவே எடுத்த ‘ரிட்டர்ன் டு த 36த் சேம்பர்’ படத்தையும் தேடிப் பிடியுங்கள். இதில் லியு துறவியே அல்ல, சான் டே என்று சொல்லி ஏமாற்றித் திரியும் ஒருவன். கூலி வெட்டப்பட்ட சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்காக முதலாளியை எதிர்த்து அடி வாங்கி, ஷாவோலினுக்கு ஓடுகிறான். அங்கே அவனுக்குக் கற்பிக்க மறுத்து, மடத்தைப் புதுப்பிக்கச் சாரம் கட்டச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் மூங்கிலை ஏற்றி, கயிற்றை முடிந்து, மேலிருந்தபடியே கீழே நடக்கும் பயிற்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒன்றும் கற்கவில்லையே என்று நொந்துபோய்ப் பட்டறைக்குத் திரும்பிய பிறகுதான் தன் கைகள் என்ன கற்றுவிட்டன என்று அவனுக்கே தெரியவருகிறது. முடிச்சுப் போடும் வேகத்தைக் கொண்டே எதிரிகளைக் கட்டிப்போடுகிறான். கயிறு பிடித்துப் பிழைக்கும் ஆட்கள் நிறைந்த எங்கள் துறைமுகப் பக்கத்தில் முதல் படத்தைவிட இதற்குத்தான் கூடுதல் கைதட்டல் விழும் என்பது என் கணிப்பு.